கேரம் பலகையில் தொடங்குங்கள்: மோதலையும் உந்தத்தையும் வீட்டிலேயே அளந்து பார்க்க ஒரு வழிகாட்டி

பினாங்கு ஆயர் ஈத்தாமில் என் அக்காவின் வீடு. படிவம் 4 படிக்கும் அக்கா மகள் மோதல் கணக்குகள் எட்டையும் சரியாகப் போட்டு முடித்திருந்தாள். கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த கேரம் பலகையைக் காட்டி ஒன்று கேட்டேன். "ஸ்ட்ரைக்கரால் ஒரு காயை நேராக அடித்தால், அடித்தபின் ஸ்ட்ரைக்கர் நிற்குமா, முன்னால் போகுமா, திரும்பி வருமா?"

சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அது கேள்வியிலேயே கொடுத்திருக்க வேண்டும் மாமா."

அவள் ஏழு வயதிலிருந்து கேரம் ஆடுகிறாள். விடை அவள் விரல் நுனியில் இருக்கிறது. ஆனால் பாடப்புத்தகத்தில் வரும் மோதலும் பலகையில் நடக்கும் மோதலும் ஒன்றுதான் என்று யாரும் அவளுக்குக் காட்டவில்லை. அந்த மாலையும் அடுத்து வந்த சில சனிக்கிழமைகளும் நாங்கள் செய்து பார்த்தவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஆய்வுக்கூடம் வேண்டாம். சாப்பாட்டு மேசை, ஒரு கைப்பேசி, கொஞ்சம் பொறுமை போதும்.

முதலில் சொற்கள்

தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை, அங்கே இதே பாடத்தை மலாயில் சந்திக்கிறது. வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கு இரண்டு பக்கச் சொற்களும் தெரிந்திருந்தால் நல்லது.

ஒரு பொருளின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம், மலாயில் மொமெந்தும். நிறையின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல். மோதலுக்கு முன்னும் பின்னும் இந்த இரண்டுமே மாறாவிட்டால் அது மீட்சி மோதல், அதாவது பெர்லங்காரான் கெஞால். உந்தம் மாறாமல் இருந்து இயக்க ஆற்றல் மட்டும் குறைந்தால் மீட்சியற்ற மோதல், பெர்லங்காரான் தக் கெஞால். மோதிய இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே போனால், ஆற்றல் இழப்பு இருக்கக்கூடிய அளவில் மிக அதிகம். அதை முழு மீட்சியற்ற மோதல் என்கிறோம்.

மீன் உருண்டையைக் கடிக்கும்போது பல்லுக்கு அடியில் அமுங்கி மறுபடி எழும்புமே, அந்தத் தன்மைக்கு மலாய்க்காரர்கள் வைத்திருக்கும் சொல் கெஞால். நம்முடைய மீட்சியும் மீள்வதிலிருந்து வந்ததுதான். அமுங்கியது முழுமையாக மீண்டால் ஆற்றலும் முழுமையாகத் திரும்புகிறது என்ற பொருள் இரண்டு சொற்களுக்குள்ளும் இருக்கிறது. இதைச் சொன்ன பிறகு என் அக்கா மகளுக்கு எது கெஞால், எது தக் கெஞால் என்ற குழப்பம் வரவே இல்லை.

ஆக, எந்த வகை மோதலானாலும் வெளியிலிருந்து விசை எதுவும் குறுக்கிடாதவரை மொத்த உந்தம் மாறாது. வகை பிரிப்பது ஆற்றல்தான். ஆகவே ஒவ்வொரு மோதலுக்கும் இரண்டு கூட்டல்களைப் போட வேண்டும்: உந்தத்துக்கு ஒன்று, இயக்க ஆற்றலுக்கு ஒன்று. ஒன்றை மட்டும் போட்டுவிட்டு நிறுத்துபவர்களுக்கு இந்தப் பாடம் பாதிதான் பிடிபடும்.

என்னென்ன வேண்டும்

கேரம் பலகை, காய்கள், ஸ்ட்ரைக்கர், போரிக் பொடி. ஒரே அளவுள்ள கண்ணாடிக் கோலிகள் பத்து. பொம்மைக் கார்கள் இரண்டு. ஹாட் வீல்ஸ் கார் பொருத்தமாக இருக்கும். அந்தக் கார்களில் பல நம் பினாங்குப் பிறையில் இருக்கும் தொழிற்சாலையில்தான் தயாராகின்றன என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவற்றைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். பிறகு கொஞ்சம் சப்பாத்தி மாவு, இரண்டு அடிக்கோல்கள், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, மெது இயக்கத்தில் படம் எடுக்கும் கைப்பேசி. கோலியும் அடிக்கோலும் பொம்மைக் காரும் இரண்டு வெள்ளிக் கடைகளிலேயே கிடைத்துவிடும்.

தராசை அப்படியே நம்பிவிட வேண்டாம். 2012-இல் புழக்கத்துக்கு வந்த வரிசையைச் சேர்ந்த 50 சென் காசு ஒன்றின் நிறை 5.66 கிராம். பத்துக் காசுகளை ஒன்றாக வைத்தால் 56 அல்லது 57 காட்ட வேண்டும். 60-க்குப் பக்கத்தில் காட்டினால் தராசின் மின்கலத்தை மாற்றிப் பாருங்கள். லேசான பொருளை ஒற்றையாக நிறுக்காமல் பத்தைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுப்பது எப்போதும் நல்ல பழக்கம்.

வீட்டில் மிகச் சிறிய குழந்தை இருந்தால் கோலிகளை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். கோலியை 30 செ.மீ.க்கு மேலிருந்து கல்தரையில் போட வேண்டாம், தெறித்து உடையும்.

படி 1: தளம் மட்டமாக இருக்கிறதா?

இதைத் தாண்டிப் போய்விட்டு, பிறகு விதியையே சந்தேகிக்கிறவர்கள் அதிகம். பலகையின் நடுவில் ஒரு கோலியை வைத்துக் கையை எடுங்கள். எந்தப் பக்கம் உருள்கிறதோ அந்தப் பக்கக் காலுக்கு அடியில் மடித்த காகிதம் வையுங்கள். கோலி நான்கு இடங்களில் வைத்தும் அசையாமல் நின்றால் போதும். தரை ஓடுகளில் செய்யாதீர்கள். ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமெண்டுக் கோட்டில் ஏறி இறங்கும்போதே பொம்மைக் கார் வேகத்தை இழந்துவிடும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். நம் ஊர் வெக்கையில் இது பெரிய தியாகம்தான், ஆனால் மேலே சுழலும் விசிறி லேசான பந்தையும் காரையும் தள்ளிவிடும். கையைத் துடைத்துக்கொள்ளுங்கள், வியர்வை பட்ட காய் பலகையில் வழுக்காமல் இழுபடும்.

படி 2: காயும் காயும், காயும் ஸ்ட்ரைக்கரும்

இப்போது எதையும் அளக்க வேண்டாம், பார்த்தால் போதும். பொடி தூவிய பலகையில் ஒரு காயை நடுவில் வையுங்கள். இன்னொரு காயை விரலால் சுண்டி நேர் நடுவில் படும்படி அடியுங்கள். வந்த காய் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றுவிடும். நின்றிருந்த காய் வந்ததன் வேகத்தை வாங்கிக்கொண்டு ஓடும். இரண்டின் நிறையும் ஒன்று என்பதால் வேகம் அப்படியே கைமாறுகிறது. ஐந்தாறு முறை தவறும், ஓரத்தில் பட்டுப் பக்கவாட்டில் போகும். அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கூர்ந்து பார்த்தால், வந்த காய் முழுக்க நிற்காமல் ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்திருக்கும். காய்கள் மோதும்போது எழும் அந்த 'டக்' ஒலியும், காய்க்குள் ஏற்படும் அதிர்வும் வெப்பமும் ஆற்றலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இது மீட்சி மோதலுக்கு அருகில் நிற்கிற, ஆனால் முழு மீட்சி பெறாத மோதல். கண்ணால் பார்க்கக்கூடிய மோதல்கள் எல்லாமே இப்படித்தான். முழு மீட்சி என்பது நெருங்கிப் போகக்கூடிய ஓர் எல்லை.

அடுத்து ஸ்ட்ரைக்கர். சர்வதேச விதிப்படி ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம், காய் 5 முதல் 5.5 கிராம். கணக்குக்காகக் காயை 5 என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரைக்கர் விநாடிக்கு 100 செ.மீ. வேகத்தில் வந்து மோதுகிறது. மோதல் முழு மீட்சியாக இருந்தால் அது 50 செ.மீ. வேகத்தில் தொடர்ந்து போகும், காய் 150 செ.மீ. வேகத்தில் பாயும்.

சரிபார்ப்போம். முன்பு: 15 × 100 = 1500. பின்பு: 15 × 50 = 750, 5 × 150 = 750, மொத்தம் 1500. உந்தம் சரி. ஆற்றலில் 'பாதி' எல்லா இடத்திலும் வருவதால் அதை விட்டுவிட்டு, நிறையை வேகத்தின் வர்க்கத்தால் மட்டும் பெருக்குவோம். முன்பு: 15 × 10,000 = 1,50,000. பின்பு: 15 × 2,500 = 37,500; 5 × 22,500 = 1,12,500; கூட்டினால் 1,50,000. அதுவும் சரி.

அடித்த வேகத்தைவிட அடிபட்டது ஒன்றரை மடங்கு வேகமாகப் போகிறது என்பதைப் பிள்ளைகள் சட்டென்று நம்புவதில்லை. பலகையில் நடக்கும்போது பார்த்திருக்கிறார்கள், ஆனால் கவனித்ததில்லை. இனிமேல் ஆடும்போது கவனிப்பார்கள். திருப்பியும் செய்யுங்கள்: ஸ்ட்ரைக்கரை நிறுத்திவைத்துக் காயால் அடித்தால், காய் பாதி வேகத்தில் பின்னால் திரும்பும்.

படி 3: கைப்பேசியால் வேகத்தை அளப்பது

பல கைப்பேசிகள் மெது இயக்கத்தில் விநாடிக்கு 240 படச்சட்டங்கள் எடுக்கும், சில 120. உங்கள் கைப்பேசி எவ்வளவு எடுக்கிறது என்பதைக் கேமரா அமைப்பில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஓடுபாதை ஓரமாக ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, 10 செ.மீ.க்கு ஒரு தடித்த கோடு போடுங்கள். கைப்பேசியைப் புத்தக அடுக்கின் மேல் அசையாமல், பாதைக்கு நேர் எதிரே, எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் ஓரத்தில் உள்ள கோடுகள் சாய்ந்து தெரிந்து அளவு தவறும்.

சன்னல் வெளிச்சத்தில் எடுப்பது நல்லது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதனால் சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல் மெது இயக்கப் படத்தில் கருப்புப் பட்டைகளாக ஓடும்.

பிறகு படத்தை ஒவ்வொரு சட்டமாக நகர்த்தி, காரின் மூக்கு ஒரு கோட்டைத் தொடுவது முதல் அடுத்த கோட்டைத் தொடுவது வரை எத்தனை சட்டங்கள் என்று எண்ணுங்கள். 10 செ.மீ. தூரத்தை 30 சட்டங்களில் கடந்தால், நேரம் 30-ஐ 240-ஆல் வகுத்தது, அதாவது 0.125 விநாடி, வேகம் விநாடிக்கு 80 செ.மீ. பள்ளியில் டிக்கர் டைமர் நாடாவில் புள்ளிகளை எண்ணுவதும் இதே வேலைதான். அங்கே ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 0.02 விநாடி, இங்கே ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் 240-இல் ஒரு பங்கு விநாடி.

படி 4: ஒட்டிக்கொள்ளும் கார்கள்

சமையலறை மேடையில் இரண்டு அடிக்கோல்களை இணையாக வைத்து நடுவில் கார் ஓட வழி விடுங்கள். முதல் காரின் மூக்கில் நெல்லிக்காய் அளவு சப்பாத்தி மாவை அப்புங்கள். மாவு இளகலாக, விரலில் ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவதைவிடக் கொஞ்சம் தண்ணீர் கூட. இரண்டாவது காரை நடுவில் நிறுத்துங்கள். முதல் காரைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மோதும் நேரத்தில் கை காரில் இருக்கவே கூடாது.

எங்கள் மேடையில் ஒரு முறை கிடைத்த எண்கள் இவை. மாவுடன் முதல் கார் 44 கிராம். இரண்டாவது கார் 34 கிராம். மோதலுக்கு முன் முதல் கார் 20 செ.மீ.யை 60 சட்டங்களில் கடந்தது: விநாடிக்கு 80 செ.மீ. மோதியபின் இரண்டும் ஒட்டியபடி 10 செ.மீ.யை 56 சட்டங்களில் கடந்தன: விநாடிக்கு 42.9 செ.மீ.

உந்தம் முன்பு 44 × 80 = 3520. பின்பு 78 × 42.9 = 3346. ஏறக்குறைய 5 சதவீதம் குறைவு.

இயக்க ஆற்றலுக்கு, பாதியை விட்டுவிட்டால், முன்பு 44 × 6400 = 2,81,600. பின்பு 78 × 1840 = 1,43,520. ஏறக்குறைய பாதி போய்விட்டது.

அக்கா மகள் முதல் கூட்டலைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "சமமாக வரவில்லையே மாமா, விதி பொய்த்துவிட்டதே." இரண்டாவது கூட்டலையும் போடச் சொன்னேன். போட்டுவிட்டு இரண்டு வரிகளையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒரே மோதல், ஒரே கார்கள், ஒரே படம். ஒன்றில் 5 சதவீதம் குறைவு, இன்னொன்றில் 49 சதவீதம். மாவு நசுங்கிய வடிவத்தை அப்போதுதான் குனிந்து பார்த்தாள். போன ஆற்றல் மாவைத் தட்டையாக்கியிருந்தது.

அந்த 5 சதவீதம் எங்கே போயிற்று என்பதையும் விடக்கூடாது. ஒரு காரைத் தனியாக, மோதல் எதுவும் இல்லாமல், அதே பாதையில் ஓடவிட்டு முதல் 10 செ.மீ.க்கும் அடுத்த 10 செ.மீ.க்கும் சட்டங்களை எண்ணுங்கள். இரண்டாவது எண் அதிகமாக இருக்கும். சக்கர அச்சின் உராய்வும் அடிக்கோல் விளிம்பின் உரசலும் வெளியிலிருந்து வரும் விசைகள். அவைதான் உந்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேடைக்குக் கடத்துகின்றன. பள்ளியில் ஓடுபாதையின் ஒரு முனையைச் சற்று உயர்த்தி, ட்ராலி சீரான வேகத்தில் இறங்கும்படி சரிசெய்வது இதற்காகத்தான். வீட்டிலும் பாதையின் ஒரு முனையில் இரண்டு மூன்று அட்டைகளைச் செருகிச் செய்து பாருங்கள், குறைவு சுருங்கும். எண்களைத் திருத்தி எழுதி விடையைச் சமமாக்கிவிடாதீர்கள். கிடைத்ததை எழுதி, குறைந்தது எங்கே போனது என்று தேடுவதுதான் இந்த வேலையின் சுவை.

திசைக்குக் குறி போட மறக்காதீர்கள்

இரண்டு கார்களிலும் மாவு அப்பி, நிறையைச் சமமாக்கி, எதிரும் புதிருமாக ஏறக்குறைய ஒரே வேகத்தில் விடுங்கள். மோதியதும் இரண்டும் நின்றுவிடும். மொத்த உந்தம் எங்கே போனது என்று கேட்டால் பலர் திணறுவார்கள். வலப்பக்கம் போவது கூட்டல், இடப்பக்கம் போவது கழித்தல் என்று குறி போட்டால், மோதலுக்கு முன்பே மொத்தம் பூஜ்யம்தான்; பின்பும் பூஜ்யம்.

இந்த இடத்தில் தவறியவர்களில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனே டேக்கார்ட்டும் ஒருவர். 1644-இல் வெளியான தம் நூலில் அவர் மோதல் விதிகள் ஏழைத் தந்தார். பொருளின் பருமனையும் வேகத்தையும் பெருக்கி வருவது மாறாது என்றார், ஆனால் திசையைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் அந்த விதிகளில் பெரும்பாலானவை நடைமுறையோடு ஒத்துப்போகவில்லை. ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, லண்டன் ராயல் சொசைட்டி கேட்டுக்கொண்டதன் பேரில் ஜான் வாலிஸ், கிறிஸ்டோபர் ரென், நெதர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஆகிய மூவரும் தனித்தனியே சரியான விதிகளை எழுதி அனுப்பினார்கள். திசைக்குக் குறி போடுவது அப்போதுதான் நிலைபெற்றது. உங்கள் பிள்ளை கழித்தல் குறியை மறந்தால் கோபிக்காமல், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

படி 5: கோலி வரிசை

அடிக்கோலின் நடுவில் பள்ளம் இருந்தால் அதில் ஐந்து கோலிகளை ஒட்டியபடி வையுங்கள். இன்னொரு கோலியை உருட்டிவிட்டால் மறுமுனையில் ஒன்று கழன்று ஓடும். இரண்டை உருட்டினால் இரண்டு கழலும். மூன்றுக்கு மூன்று.

இரண்டு வந்து மோதும்போது ஒரே கோலி இரட்டை வேகத்தில் ஓடினால் என்ன? உந்தத்துக்கு ஆட்சேபமே இல்லை: ஒரு நிறை, இரட்டை வேகம், பெருக்கினால் அதே அளவு. ஆற்றல்தான் விடாது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு; கொண்டுவந்த இரண்டு கோலிகளிடம் இருந்ததோ இரண்டு மடங்கு. இல்லாத ஆற்றலை எங்கிருந்து எடுப்பது? இன்னும் தெளிவாகப் பார்க்க, கோலிகளுக்கு இடையே மெல்லிய இடைவெளி விட்டு உருட்டுங்கள். ஒவ்வொரு கோலியும் அடுத்ததிடம் வேகத்தைக் கொடுத்துவிட்டு நிற்பதும், பின்னால் வந்த இரண்டாவது கோலியின் வேகம் தனியாக அதே வழியில் கடந்து போவதும் மெது இயக்கப் படத்தில் தெரியும்.

கோலியில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. யாரும் எச்சரிக்காததால் நான் ஒரு நாள் முழுக்கத் தடுமாறினேன். சமதளத்தில் ஒரு கோலியை உருட்டி, நிற்கும் கோலியின் நேர் நடுவில் மோதவிடுங்கள். கேரம் காயைப் போல வந்த கோலி நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஒரு கணம் நிற்கும். உடனே, யாரோ பின்னாலிருந்து தள்ளியதைப் போல, மறுபடி முன்னால் ஊரத் தொடங்கும்.

காரணம் சுழற்சி. வழுக்கிவரும் காயிடம் முன்னேறும் வேகம் மட்டும் இருக்கிறது. உருண்டுவரும் கோலியிடம் முன்னேறும் வேகமும் தன்னைத்தானே சுற்றும் சுழற்சியும் இருக்கின்றன. மோதலில் முன்னேறும் வேகம் கைமாறிவிடுகிறது, சுழற்சி கைமாறுவதில்லை. ஆகவே வந்த கோலி நின்ற இடத்திலேயே சுழல்கிறது, தரையைப் பின்னால் உதைத்து முன்னால் நகர்கிறது. அடிபட்ட கோலிக்கு நேர் எதிர்: வேகம் இருக்கிறது, சுழற்சி இல்லை. அது சற்று வழுக்கிப்போய், தரை உராய்வால் வேகம் குறைந்து, பிறகே உருளத் தொடங்குகிறது. மோதல் முழு மீட்சியாக இருந்தால், வந்த கோலிக்கு இறுதியில் ஆரம்ப வேகத்தில் ஏழில் இரண்டு பங்கும், அடிபட்ட கோலிக்கு ஏழில் ஐந்து பங்கும் இருக்கும்.

இரண்டையும் கூட்டுங்கள். ஏழில் ஏழு. உராய்வு குறுக்கிட்ட பிறகும் கூட்டுத்தொகை மாறவில்லை. முதல் கோலியைத் தரை எவ்வளவு முன்னால் தள்ளியதோ, இரண்டாவது கோலியை அதே அளவு பின்னால் இழுத்திருக்கிறது. ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்கிக்கொண்டது. இதைக் கண்டுபிடித்த மாலை எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. அடிக்கோல் பள்ளத்தில் சுழற்சி இன்னும் அதிகம் என்பதால் இந்தப் பங்குகள் மாறும். கணக்கோடு ஒப்பிட வேண்டுமானால் சமதளத்திலேயே செய்யுங்கள்.

படி 6: எவ்வளவு மீட்சி?

மோதியபின் இரண்டும் விலகும் வேகத்தை, மோதுமுன் நெருங்கிய வேகத்தால் வகுத்தால் மீட்சிக் குணகம் கிடைக்கும். முழு மீட்சிக்கு 1, ஒட்டிக்கொண்டால் 0. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட தம் பிரின்சிபியா நூலில் இதைத் தொங்கவிட்ட உருண்டைகளால் அளந்து எழுதியிருக்கிறார்: இறுக்கிக் கட்டிய கம்பளி உருண்டைக்கு ஒன்பதில் ஐந்து, கண்ணாடிக்குப் பதினாறில் பதினைந்து. உங்கள் கோலியின் மீட்சியை நியூட்டனின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், 0.94-க்குப் பக்கத்தில் வருகிறதா என்று.

எளிய வழி, பந்தைக் கீழே போடுவது. எழும்பிய உயரத்தை விழுந்த உயரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். மேசைப் பந்து விதிப்படி 30.5 செ.மீ. உயரத்திலிருந்து எஃகுத் தளத்தில் விழுந்தால் 24 முதல் 26 செ.மீ. எழும்ப வேண்டும், மீட்சிக் குணகம் 0.89 முதல் 0.92. ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தாத்தா பாட்டிகளின் வழி வந்த நமக்கு, துள்ளுவது என்றாலே ரப்பர்தான் நினைவுக்கு வரும். ஆனால் கெட்டியான கண்ணாடி, மிருதுவான பல ரப்பர்களைவிட நன்றாக மீள்கிறது. மென்மை வேறு, மீட்சி வேறு.

ரப்பர் ஆற்றலை விழுங்கும் என்பதற்கு ஸ்குவாஷ் பந்து நல்ல சாட்சி. எட்டு முறை உலக வெற்றியாளரான நிக்கோல் டேவிட் பிறந்த ஊர் பினாங்கு என்பதால், ஸ்குவாஷ் ஆடுகிற யாராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார்கள். ஒரு பந்து கடன் கேளுங்கள். 1 மீட்டரிலிருந்து போட்டால், குளிர்ந்த பந்து கொஞ்சம்தான் எழும்பும். அதைச் சுவரில் ஐந்து நிமிடம் அடித்துவிட்டுக் கையில் எடுங்கள். இளஞ்சூடு உள்ளங்கையில் தெரியும். ஒவ்வொரு மோதலிலும் தொலைந்த இயக்க ஆற்றல்தான் அந்தச் சூடு. இப்போது மறுபடி 1 மீட்டரிலிருந்து போடுங்கள், முன்பைவிட உயரமாக எழும்.

பந்து தரையில் பட்டு நின்றால் அதன் உந்தம் எங்கே? பூமிக்குப் போய்விட்டது. பூமியின் நிறை அவ்வளவு பெரியது என்பதால் அது பெற்ற வேகத்தை அளக்கவே முடியாது. தைப்பூசத்தன்று வெள்ளி ரதத்துக்கு முன் சாலையில் சிதறும் தேங்காய்களும் இதே கணக்குக்குள் வருகின்றன. ஓங்கி அடித்த உந்தத்தைச் சாலை வழியாகப் பூமி வாங்கிக்கொள்கிறது. ஓடு பிளக்கவும் சில்லுகள் பறக்கவும் ஆற்றல் செலவாகிறது. ஓரமாக நின்று பார்த்தால், சில்லுகள் ஒரு பக்கம் மட்டும் பறக்காமல் எல்லாத் திசைகளிலும் சிதறுவது தெரியும்.

படி 7: ஓரத்தில் பட்டால்

படி 2-இல் விட்டுவைத்த, ஓரத்தில் பட்டுப் பக்கவாட்டில் போன அடிகளை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். பலகைக்கு நேர் மேலே கைப்பேசியைப் பிடித்து, காயால் காயை ஓரத்தில் அடித்துப் படம் எடுங்கள். இரண்டும் பிரிந்து போகும் பாதைகளைக் காகிதத்தில் வரைந்து இடையிலுள்ள கோணத்தை அளங்கள். சம நிறையும் முழு மீட்சியும் என்றால் அது 90 பாகை. உங்களுக்குச் சற்றுக் குறைவாகவே வரும், ஏனென்றால் காயின் மீட்சி முழுமையானதன்று. ஸ்ட்ரைக்கரால் அடித்தால் கோணம் இன்னும் குறையும்.

படி 8: படகில் ஒரு பயணம்

கடைசியாக, ஜார்ஜ்டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் படகு ஏறும்போது செய்ய வேண்டியது ஒன்று. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், மனத்தால் செய்தால் போதும். ஹைகன்ஸ் தம் நாட்டுக் கால்வாய்ப் படகை வைத்து யோசித்ததை நாம் நம் படகில் யோசிக்கலாம்.

படகு துறையை நெருங்கி விநாடிக்கு 50 செ.மீ. வேகத்தில் ஊர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகின் தளத்தில் நீங்கள் இரண்டு சம நிறைக் காய்களை, ஒவ்வொன்றும் 50 செ.மீ. வேகத்தில், எதிரெதிராக வழுக்கவிடுகிறீர்கள். ஒன்று படகு போகும் திசையில், மற்றது அதற்கு எதிர்த் திசையில். முழு மீட்சி என்றால் என்ன நடக்கும்? இரண்டுக்கும் நிறையும் வேகமும் ஒன்று. ஒன்றுக்குச் சலுகை காட்டக் காரணமே இல்லை. ஆகவே இரண்டும் 50 செ.மீ. வேகத்திலேயே திரும்பிப் போகும். இதற்குச் சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

இதே மோதலைத் துறையில் நின்று உங்களுக்காகக் காத்திருப்பவர் பார்க்கிறார். அவர் கண்ணுக்கு எல்லா வேகத்தோடும் படகின் 50 சேர்ந்துகொள்ளும். படகின் திசையில் போன காய் அவருக்கு 100 செ.மீ. வேகத்தில் வருகிறது, எதிர்த் திசையில் போன காய் அவருக்கு அசையாமல் நிற்கிறது. மோதியபின், 100-இல் வந்தது நின்றுவிடுகிறது. நின்றிருந்தது 100-இல் கிளம்பிப் போகிறது. இரண்டாவது படியில் கேரம் பலகையில் பார்த்தோமே, அதே மோதல்.